மூன்று, நான்கு, ஆறு அங்குலம்

ஐப்பசி மழைக்கு முன்னர் மண்சரிவை எதிர்கொள்ள ஒரு திட்டம் வகுப்பதற்காக, கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூடினோம். தோட்டத் தலைவர்கள் மூவர், கோயில் நிர்வாகக் குழுவினர், மாதர் சங்கத்தினர், கிராம உத்தியோகத்தர், தோட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் என இருபது பேர் வரை வந்திருந்தனர். வெவ்வேறு தொழிற்சங்கங்களைச் சேர்ந்த அந்த மூன்று தலைவர்களும் ஒரே பாயில் அமர்ந்ததே பெரிய காரியம் என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்.

இலங்கையின் பதுளை மாவட்டத்தவருக்கு மீரியபெத்தைத் தோட்டத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகில் அந்தத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் புதைந்தன. அந்த மலை ஆபத்தானது என்பது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆகவே எச்சரிக்கை இல்லாமை அல்ல, வந்த எச்சரிக்கை லயத்து வாசலில் நின்றுவிடுவதே எங்கள் குறை என்பதை முதலிலேயே பேசினோம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கின்படி, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்துவிட்டால், வெளியேறியே ஆக வேண்டும். இதை நான் வாசித்து முடித்ததும், ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர், "அங்குலத்துல சொல்லுங்க தம்பி" என்றார். கணக்குப் பார்த்தால் அவை ஏறக்குறைய மூன்று, நான்கு, ஆறு அங்குலம். நான் கொண்டுபோன அட்டவணையைவிட அந்த மூன்று எண்களே மண்டபத்தில் நிலைத்தன.

எங்கள் தொழிற்சாலையில் மழையை அளந்து பதிவுசெய்கிறார்கள். ஆனால் அது காலையில் ஒரு முறை மட்டுமே. இரவு பெய்த மழையின் அளவு விடிந்த பிறகே ஏட்டில் ஏறும். ஆகவே அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுடைய கண்ணாடிப் பாத்திரமொன்றைப் பிள்ளை மடுவத்துக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) முன்னால், கூரையும் மரமும் மறைக்காத வெளியில் வைத்து, அடைமழை நாட்களில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அடிமட்டத்தால் அளப்பதென்று முடிவாயிற்று. அளக்கும் பொறுப்பை இளைஞர்கள் நால்வர் ஏற்றனர். மழைநீர் ஓடும் கான்களைத் துப்புரவாக்குவது பற்றி அதிகம் பேசவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த வேலை.

நீண்ட நேரம் எடுத்தது வேறொரு கேள்வி. "தொர சொல்லாம நாங்க எப்படிக் கெளம்புறது?" என்று மாதர் சங்கத்து அம்மா ஒருவர் கேட்டார். தொர என்றால் தோட்டத்து முகாமையாளர். இந்தத் தயக்கத்தைச் சிரித்து ஒதுக்குவது தவறு என்று நினைக்கிறேன். காலம் காலமாக, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கட்டளை கேட்டே நகர்ந்த மக்களிடம், நள்ளிரவில் தாமாக முடிவெடுங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. சொல்பவர் யார் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீண்ட வாதத்துக்குப் பிறகு, ஆறு அங்குலம் தொட்டாலோ, தரையில் புதிய வெடிப்புத் தெரிந்தாலோ, தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, மூன்று தலைவர்களில் எவர் ஒருவரும் மற்றவரைக் கேட்காமலேயே தப்பு (பறை) அடிக்கச் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் போன இரவிலும் தப்பின் ஓசை மேல் லயம் வரை கேட்கும்.

போகும் இடம் பாடசாலை. அதன் சாவி, டவுனில் குடியிருக்கும் ஒருவரிடம் இருக்கிறது. இன்னொரு சாவி வெட்டி, பாடசாலைக்கு மிக அருகிலுள்ள லயத்தில் வைக்க அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தில் மூன்று தலைவர்களும் அன்றே கையொப்பமிட்டனர். கடிதத்தை நாளை நானே கொண்டுபோகிறேன்.