ரீடு பார்க்கக் கற்றுத் தந்தவர்

நம் பள்ளி பேண்டில் கிளாரினெட்டோ சாக்ஸபோனோ வாசித்தவர்கள் எங்கே சந்தித்தாலும் பேச்சு கடைசியில் ரீடில் வந்து நிற்கும். வாத்தியம் எத்தனை விலை உயர்ந்ததானாலும் நாதம் பிறப்பது, வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸில் பொருத்தும் அந்த நாணல் சீவலில்தான். நுனியில் அதன் கனம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 1846இல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன், உடம்பெல்லாம் பித்தளையாக இருந்தும் கிளாரினெட்டோடு ஒரே குடும்பத்தில் சேர்ந்ததற்கு இந்த ரீடுதான் காரணம். நம் வேலூர்க் கோட்டைக்குள் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் கட்டப்பட்டதும் அதே 1846இல்தான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

எங்கள் பேண்ட் மாஸ்டர் ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். சென்னையிலிருந்து ரீடுப் பெட்டி வந்ததும் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். நடுவில் அடர்ந்து தெரியும் நிழல் இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கரைந்து நுனிக்கு வர வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இருண்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. உடனே வாசித்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் இன்னும் ஒரு இழுப்பு. "சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது தம்பி, அவசரப்படாதே" என்பார். பிறகு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் அழுத்துவார். லேசாக ஆடினாலும் அடிப்பக்கம் சமமாக இல்லை என்று பொருள்.

கோயில் உற்சவத்தில் நாதஸ்வரம் கேட்கவும் அவரே அழைத்துப் போனார். குழலிலிருந்து நூலில் தொங்கும் சீவாளிகளைக் காட்டி, "இதில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிர்கின்றன, உங்களுடையதில் ஒற்றை இதழ் மவுத்பீஸோடு அதிர்கிறது" என்று விளக்கினார். ஓபோ, பாசூன் என்ற மேற்கத்தியக் குழல் வாத்தியங்களும் இதில் நாதஸ்வரத்தின் பக்கம். சீவாளிக்குத் திருவாவடுதுறை பேர்போனது. சாக்ஸபோன் ரீடுக்கான நாணலுக்குத் தெற்கு பிரான்ஸின் வார் பகுதி.

வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். சித்திரையில் நனைத்த ரீடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து, நுனி அலையலையாக நெளியும். கோட்டை மைதானத்தில் வாசிக்கும் நாள்களில், பாட்டு தொடங்கும்வரை அதை வாயிலேயே வைத்திருக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும் துடைத்துக் கண்ணாடியில் படுக்க வைக்க வேண்டும். மவுத்பீஸிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒரே ரீடைத் தினமும் வாட்டாமல் மூன்று நான்கை மாற்றி மாற்றி வாசித்தால் எல்லாமே நீடிக்கும்.

டொராண்டோவில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும் வீட்டில் அதே அலைநெளிவை மறுபடியும் பார்த்தேன். கடுங்குளிரானாலும் கத்திரி வெயிலானாலும் நாணலுக்கு எதிரி வறண்ட காற்றுதான். மாஸ்டரின் முறைகள் இங்கே அப்படியே பலிக்கின்றன. டொராண்டோவுக்கு வடக்கே பாரி நகரில் லெஜேர் நிறுவனம் செயற்கை ரீடு தயாரிக்கிறது. அது காயாது, நெளியாது. திறந்தவெளியில் வாசிக்க மிக நல்லது. ஆனால் மெதுவாக இழைக்க வேண்டிய ராகத்துக்கு நான் நாணலைத்தான் எடுப்பேன்.

சங்கத்தின் சார்பில் பள்ளிக்கு வாத்தியங்கள் அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடவே ரீடுப் பெட்டிகளையும் வையுங்கள். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு 2ஆம் எண்ணும், ஓரளவு பழகியவர்களுக்கு 2.5ஆம் எண்ணும் போதும். எண் கூடக் கூட ரீடு கடினமாகும்; 3 அவர்களின் உதட்டுக்குக் கடினம். கோடை ஒத்திகைக்குச் செயற்கை ரீடு சிலவும் சேர்த்தால் நல்லது.