முறுக்கிப் பார்த்த சேஸி, சாய்த்துப் பார்த்த எண்ணெய்த் தொட்டி

பைக் எஞ்சினை வைத்து நான் கட்டிவரும் சிறிய காரின் சேஸி (அடிச்சட்டகம்) வெல்டிங் வேலை சென்ற மாத இறுதியில் முடிந்தது. 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. தடிப்பு, வண்டியின் மொத்த எடை 450 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது தொடக்கத்திலேயே நான் எனக்கு விதித்துக்கொண்ட வரம்பு. இருக்கைகளுக்குப் பின்னால் 998 சிசி நான்கு சிலிண்டர் பைக் எஞ்சின், அதிலிருந்து செயின் வழியாக நேரே டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் பகுதி). 1946-இல் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் ஜே.ஏ.பி. மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கொண்டு செய்த 500 சிசி பந்தயக் காரிலும் எஞ்சின் பின்னால்தான் இருந்தது. செயினில் ஓடும் வண்டிக்கு எஞ்சின் பின்சக்கரங்களின் பக்கத்தில் இருப்பதே வசதி.

எஞ்சினை ஏற்றும் முன் சேஸியை முறுக்கிப் பார்த்தேன். பின்பகுதியை மேசையோடு இறுக்கி, முன்பகுதியை நடுவில் ஒரே முனையின் மேல் நிறுத்தி, குறுக்கே கட்டிய இரும்புக் கம்பத்தில் மையத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி 40 கிலோ எடையைத் தொங்கவிட்டேன். மையத்திலிருந்து 500 மி.மீ. தூரத்தில் வைத்த டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) 3.4 மி.மீ. காட்டியது, பின்பக்கப் பிடிப்பு நழுவியதை வேறொரு கேஜால் அளந்து கழித்த பிறகு கிடைத்த எண் அது. கணக்குப் போட்டால் சேஸியின் முறுக்கு விறைப்பு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 1000 நியூட்டன் மீட்டர்தான். எஞ்சினை இறக்குவதற்காக நான் திறந்தே விட்டிருந்த மேல் சதுரம்தான் நெளிந்தது என்பது கையை வைத்தாலே தெரிந்தது. அங்கே போல்ட்டில் கழற்றக்கூடிய குறுக்குக் குழாய் ஒன்றைப் பொருத்தியதும் அளவு 2.1 மி.மீ. ஆகக் குறைந்தது, விறைப்பு 1600-ஐத் தாண்டியது. கூடிய எடை ஒரு கிலோகூட இல்லை.

அடுத்தது ஸ்பிராக்கெட், அதாவது செயின் ஓடும் பற்சக்கரம். முன்னால் 16-க்குப் பின்னால் 43 பற்கள் என்ற பைக்கின் விகிதத்தையே விட்டுவைத்தால், 195/50 ஆர்15 டயரில் முதல் கியரிலேயே எஞ்சின் நிமிடத்துக்கு 11,000 சுற்றில் மணிக்கு 108 கி.மீ. வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பைக்கைப் போல இரு மடங்குக்கும் மேல் எடையுள்ள வண்டியை அந்தக் கியரில் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தட்டுகள்தான் தேயும். எனவே பின்னால் 52 பற்கள் போட்டு அதை 89 கி.மீ. ஆக்கினேன். அந்தப் பற்சக்கரத்தின் ஆரம் 23 மி.மீ. கூடும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. செயினை மாட்டிக் கையால் சுற்றியபோது அடிக்குறுக்குக் குழாயின் பெயின்டைச் சுரண்டிக்கொண்டு அது நின்றது. குழாயை அறுத்து, 30 மி.மீ. தள்ளி வைத்து, மறுபடி வெல்டிங் செய்து, மறுபடி முறுக்கிப் பார்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது எண்ணெய்தான். பைக் வளைவில் சாய்வதால், எடையும் மையவிலக்கும் சேர்ந்த விசை எப்போதும் தொட்டியின் அடியை நோக்கியே இருக்கும். எண்ணெய் இடம் மாறாது. கார் சாயாது. பக்கவாட்டு விசை 1 ஜி அளவை (எடைக்குச் சமமான அளவை) எட்டினால் எண்ணெயின் மேல்மட்டம் 45 பாகை சரிந்து நிற்கும். கழற்றிய தொட்டியில் 3 லிட்டர் பழைய எண்ணெயை ஊற்றி, பம்ப் எண்ணெயை இழுக்கும் உறிஞ்சு வடிகட்டியை அதன் இடத்தில் நிறுத்தி, மரக்கட்டை வைத்து அதே கோணத்தில் சாய்த்தேன். வடிகட்டியின் வாய் உடனே வெளியே தெரிந்தது. 10,000 சுற்றுக்கு மேல் ஓடும் எஞ்சினில் எண்ணெய்ப் பம்ப் அந்த நிலையில் காற்றை இழுத்தால் பிக்-எண்ட் பேரிங்குகள் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேருமிடத்துத் தாங்கிகள்) வெகுநேரம் தாங்கா.

2 மி.மீ. அலுமினியத் தகட்டில் வடிகட்டியைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி, நான்கு புறமும் உள்நோக்கி மட்டுமே திறக்கும் சிறு கதவுகளைக் கீலில் தொங்கவிட்டேன். இப்போது சாய்த்தால் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. இடுக்குகள் வழியே எண்ணெய் கசிந்து வடிகட்டி வெளியே தெரிய 9 விநாடிகள் ஆகின்றன. இடப்பக்கக் கீல் மட்டும் சற்று இறுக்கமாக இருப்பதால், அதைத் தேய்த்துச் சரிசெய்த பிறகே தொட்டியை எஞ்சினில் மாட்டுவேன்.