கன்னடியன் கால்வாய்க் கரையில் நான்கு நாள்

நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறக்கிவிட்டது. அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சர். ஏறி உட்கார்ந்ததுமே சித்தப்பாவிடமிருந்து போன்.

"நீ உக்காந்திருக்க பெட்டி நம்ம பெட்டியா?"

"ஐ.சி.எஃப். பெட்டிதான் சித்தப்பா."

"அப்போ நிம்மதியா வாடே."

சித்தப்பா சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 36 வருஷம் வெல்டராக இருந்தவர். 1955இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் ஷெல், பர்னிஷிங் என்று இரண்டு பிரிவுகள். இரும்புத் தகடும் சட்டமும் ரயில் பெட்டியின் கூடாக மாறுகிற ஷெல் பிரிவில்தான் அவருடைய வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. 2014இல் ஓய்வு பெற்றார். வில்லிவாக்கத்து வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, சித்தியோடு சொந்த ஊருக்கே வந்துவிட்டார். ஆறு மாதம்கூடத் தாங்காது, திரும்பி வந்துவிடுவார்கள் என்று குடும்பத்தில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். பதினோரு வருஷமாகிவிட்டது.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதனால் இந்த முறை கல்யாணம், கோயில் கொடை என்று எதற்காகவும் போகவில்லை. அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கூடவே இருந்து பார்க்கத்தான் போனேன்.

சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல் நடவு. கார்த்திகை மழைக்கு முன் நாற்றை நட்டுவிட வேண்டும் என்ற அவசரம் வயலுக்கு வயல் தெரிந்தது. காருகுறிச்சி ஸ்டேஷனில் வண்டி நின்றபோது நாதஸ்வரச் சக்கரவர்த்தி அருணாசலத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வீரவநல்லூர், அப்புறம் கல்லிடைக்குறிச்சி. மேற்கே பொதிகை மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது.

அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். கன்னடியன் கால்வாய்தான் அதற்கு உயிர். தாமிரபரணியின் அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து பிரியும் கால்வாய் இது. ஒரு பசுமாட்டை முன்னால் நடக்கவிட்டு, அது போன வழியில் கால்வாய் வெட்டினார்கள், அது படுத்த இடங்களெல்லாம் குளமாயின என்று சின்ன வயதில் ஆச்சி கதை சொல்லுவாள். இந்தமுறை அதே கதையைச் சித்தப்பா சொல்லக் கேட்டேன். கூடவே, "மாடு மேட்டுல ஏறாதுல்லா? சரிவு பாத்துத்தான நடக்கும்? வாட்டம் பாத்து வெட்டியிருக்கான், அம்புட்டுதான்" என்றார். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை.

மறுநாள் விடியுமுன் எழுப்பிவிட்டார். தோளில் துண்டு, கையில் டார்ச். பத்து நிமிட நடையில் படித்துறை. நவம்பர் மாதத் தாமிரபரணி லேசாகக் கலங்கி, வேகமாக ஓடியது. மூன்றாவது படிக்குக் கீழே இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர். ஆற்றைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. நீரோட்டத்தைப் பார்த்து நின்று மூன்று முறை முங்கினேன். முதல் முங்கில் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. மூன்றாவதில் எழுந்து வர மனமில்லை. படியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிட்டுக்கொண்ட இரண்டு பெரியவர்கள், நான் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார்கள். அப்பா பெயரைச் சொன்னேன். "அவன் மவனா நீ! உங்கப்பன் இந்தப் படியில வழுக்கி விழுந்து பல்லு போச்சே, தெரியுமா?" என்றார் ஒருவர். அப்பா இறந்து ஒன்பது வருஷம். அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்பதே அந்தக் காலை முழுவதும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

குளித்துவிட்டு நேராக வயலுக்கு. பத்து மரக்கால் விதைப்பாடு, அதாவது முக்கால் ஏக்கர் சொச்சம். நடவுக்கு ஆள் வைத்துக்கொள்கிறார். தண்ணீரை மட்டும் யாரிடமும் விடுவதில்லை. மம்பட்டியால் வரப்பில் ஒரு கை மண்ணை எடுத்து வாய்மடையைத் திறப்பதும், நாற்றின் தூர் நனைந்ததும் அடைப்பதும் அவர்தான். ஒரு மடைக்கு முன்னால் கால் மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். என்ன பார்க்கிறார் என்று கேட்டேன். ஓரத்தில் நண்டு வளை இருந்தது, அதன் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு வெல்டிங்கில் ஊசித்துளை இருந்தாலும் பெட்டியை விடமாட்டார் என்று அவருடைய பழைய கூட்டாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே கண்தான் இப்போது வரப்பில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் இட்லி. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 குண்டரிசியில் அரைத்தது. ஆவி பறக்க எடுத்த இட்லியில் நல்லெண்ணெயும் எள்ளு மிளகாய்ப்பொடியும். அரைத்தது யார் என்றால், சித்தப்பா. இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் தண்ணீர் டம்ளரைக்கூடத் தானாக எடுத்தறியாதவர். ஊருக்கு வந்த முதல் வருஷம் சித்தி ஒருநாள் கேட்டாளாம்: "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் ஆயிட்டு. எனக்கு எப்போ?" அன்றிலிருந்து காலைக் காபி, மாவு அரைப்பது, காய் நறுக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. சித்தி திண்ணையில் பத்தமடைப் பாயை விரித்துப் பத்திரிகை படிக்கிறாள். ஓய்வு பெற்றவர்களின் கிராம வாழ்க்கையைப் பற்றி யார் யாரோ எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு உட்கார்ந்தாள் என்று ஒருவரும் எழுதியதில்லை. சித்தி காலை ஏழரைக்கு உட்கார்ந்தாள். ஒன்பது வரை எழுந்திருக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மதியம் உளுந்தஞ்சோறு. தோல் உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ எல்லாம் அரிசியோடு குழைந்து வெந்தது. தொட்டுக்கொள்ள எள்ளுத்துவையல், அவியல், சுட்ட கல்லிடைக்குறிச்சி அப்பளம். ஆற்றுத் தண்ணீரில்தான் அந்த அப்பளத்தின் ருசி இருக்கிறது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே நம்புகிறேன்.

மூன்றாம் நாள் தபால்காரர் வந்தார். நவம்பர் மாதமல்லவா, ஓய்வூதியக்காரர்கள் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் இதற்காகப் பேங்க் வாசலில் வரிசை. இப்போது 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்து முடித்துவிடுகிறார். சித்தப்பாவின் கட்டைவிரலைக் கருவியில் வைத்தார்கள். பதியவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், அடுத்த கை. ஒன்றும் பதியவில்லை. 36 வருஷ வெல்டிங் வேலையில் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. சித்தி அந்த விரல்களைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "இன்னொருக்க வைங்க" என்றாள். அப்போதும் இல்லை. தபால்காரர் பொறுமையாகப் போனை எடுத்து, "முகத்தை வச்சே பாத்துருவோம் ஐயா, கண்ணை ஒருக்க சிமிட்டுங்க" என்றார். சித்தப்பா சிமிட்டினார். பதிந்துவிட்டது. தபால்காரருக்கு மோர் கொடுத்து அனுப்பியபிறகும் சித்தப்பா வெகுநேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தமாக இருக்கிறதோ என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எத்தனை பெட்டிடே இந்தக் கை போட்டது" என்றார். அதில் வருத்தம் இல்லை.

சாயங்காலம் குளக்கரை. நத்தைகுத்தி நாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. சித்தப்பா விரல்விட்டு எண்ணினார்: நாற்பத்தி ரெண்டு. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. போன இரண்டு முறையும் இவர் ஆர்வலர்களோடு போயிருக்கிறார். பறவைகளின் பெயர்களை ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட பெயர்கள்.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ராத்திரியில் நெஞ்சு வலித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருநெல்வேலிதான் போக வேண்டும். ஆட்டோக்காரர் நம்பர் சுவரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு முறைதான் வருகிறார்கள். அவர்கள் போன மறுநாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சித்தி சொன்னாள். இதெல்லாம் தெரிந்துதான் இங்கே இருக்கிறார்கள்.

கிளம்பும் அன்று ஸ்டேஷனுக்கு வந்தார். என் பையில் அப்பளக் கட்டு, சித்தி இடித்த மிளகாய்ப்பொடி. வண்டி நின்றதும் என்னை ஏறச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து ஒரு முழ நீளம் தடவிப் பார்த்தார்.

"அறுப்புக்கு வந்துரு. பிப்ரவரி கடைசில இருக்கும்" என்றார்.

அறுபது நாளைக்கு முன்புதான் டிக்கெட் போட முடியும். டிசம்பர் கடைசியில் ஒரு தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.