‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதாதீர்கள்: பாதுகாப்புத் தலைமைப் பயிற்சி அனுபவம்

மேற்பார்வையாளர்களுக்கான பாதுகாப்புத் தலைமைப் பயிற்சியில் சேரப்போகும் தம்பி, தங்கைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குக் காரணம் கேட்டால், ‘தொழிலாளிக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதாதீர்கள். என்னுடன் படித்தவர்களில் பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டது அந்த வரியில்தான்.

நான் ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் மேற்பார்வையாளர். பயிற்சி முடிவில் எழுத்துத் தேர்வு, பணியிட அறிக்கை, நேர்முகம் ஆகிய மூன்றும் இருந்தன. எழுத்துத் தேர்வுக்குப் பயப்பட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுவழி வந்த முன்தூண்டல், நடத்தை, விளைவு என்ற மூன்றையும் புரிந்துகொண்டால் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். அறிவிப்புப் பலகையும் மேலாளரின் உத்தரவும் முன்தூண்டல். அவை ஒரு செயலைத் தொடங்கி வைக்கும். அது தொடருமா என்பதைத் தீர்மானிப்பது, செய்தபின் கிடைக்கும் விளைவு. உடனே, உறுதியாகக் கிடைப்பதற்கு வலு அதிகம். என்றோ வரக்கூடிய ஆபத்துக்கு வலு குறைவு.

உழைப்பெல்லாம் அறிக்கையில்தான். நான் எடுத்துக்கொண்டது ஐஸ் பார் நொறுக்கும் கிரஷர். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளில் விடியுமுன்பே வண்டிகள் வரிசைகட்டிவிடும். அந்த நேரம் பார்த்து, கிரஷரின் வாயில் ஐஸ் சிக்கும். சுவிட்ச் எதிர்ச் சுவரில். தள்ளும் தடியோ எங்கேயோ கிடக்கும். போய் அணைத்துவிட்டு, தடியைத் தேடி எடுத்து வருவதற்குள் வரிசையில் சத்தம் கிளம்பிவிடும். காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் நொடியில் வேலை முடியும். ‘கெட்டிக்காரன்’ என்ற பெயரும் கிடைக்கும். மிதிப்பவருக்கு ஆபத்து தெரியாதா? அந்தக் கிரஷரின் தேய்ந்த பற்களைக் கழற்றி மாட்டுபவரே அவர்தான். ஏச்சு இப்போதே விழுகிறது, கால் போவது என்றைக்கோ. இதை அறிக்கையில் எழுத வேண்டுமென்றால், அறையில் உட்கார்ந்து ஊகிக்காமல் அந்த நேரத்தில் அங்கே போய் நிற்க வேண்டும்.

தீர்வையும் அங்கிருந்தே எடுங்கள். கிரஷர் வாய்க்குமேல் கால் நுழையாத கம்பித் தடுப்பு, நின்ற இடத்திலேயே கைக்கு எட்டும் சுவிட்ச், பக்கத்திலேயே கொக்கியில் தொங்கும் தடி. இவற்றை எழுதிய பிறகே மேற்பார்வையாளரின் நடத்தைக்கு வாருங்கள். வரிசையில் நிற்பவர்களுக்குப் பதில் சொல்வது அவர் பொறுப்பு. இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தள்ளியவரிடம் அங்கேயே, அப்போதே, “அணைத்துவிட்டுத் தள்ளினீர்கள் அண்ணே, நல்லது” என்று சொல்வதும் அவர் வேலை. மாத இறுதிக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதால் அந்தப் பலன் வராது.

இதற்குச் சான்றாக ஜூடித் கோமாக்கியும் சக ஆய்வாளர்களும் 1978இல் ஓர் உணவு உற்பத்தி ஆலையில் செய்த ஆய்வைப் படித்து வையுங்கள். பாதுகாப்பாகச் செய்யப்பட்ட வேலையின் அளவை அடிக்கடி கணக்கிட்டுத் தொழிலாளர்களுக்குக் காட்டியதும், இரண்டு பிரிவுகளில் 70, 78 சதவீதமாக இருந்தது 96, 99 சதவீதமாக உயர்ந்தது. காட்டுவதை நிறுத்தியதும் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. எனக்கு அந்த இறக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. நிர்வாகங்கள் மறப்பதும் அதைத்தான்.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் ஹைன்ரிச் 1931இல் வெளியிட்ட, விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் நடப்பதாகச் சொல்லும் கணக்கை மட்டும் எச்சரிக்கையுடன் கையாளுங்கள். பிற்கால ஆய்வாளர்கள் அதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அதை நம்பித் தடுப்பு வேலியை மறந்துவிட்டுப் புத்திமதி சொல்லக் கிளம்பினால் நேர்முகத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21ஆம் பிரிவிலேயே சொன்னது.

ஐஸ் கம்பெனியில் குளிரூட்டப் பயன்படுவது அம்மோனியா; கசிந்தால் ஆபத்து. நேர்முகத்தில் என்னிடம் கேட்ட கேள்வி: “அம்மோனியா நெடி அடிக்கிறது என்று ஒருவர் வந்து சொல்கிறார். உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் என்ன?” முதலில் நன்றி, அடுத்து ஆட்களை வெளியேற்றுவது என்று சொன்னேன். “மறுபடியுமா?” என்று ஒருமுறை சலித்துக்கொண்டால் போதும், அடுத்த கசிவை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

வளைகுடா வேலைக்காக, நெபோஷ் (NEBOSH) என்ற பிரிட்டிஷ் தேர்வு அமைப்பின் பணியிடப் பாதுகாப்புத் தேர்வான சர்வதேசப் பொதுச் சான்றிதழ் எழுதும் கீழக்கரை, தொண்டிப் பிள்ளைகளுக்கும் இது உதவும். அதன் முதல் தாள் புத்தகம் பார்த்து எழுதுவது; அதில் மனித நடத்தை பற்றிய பகுதியும் உண்டு. கேள்வியோடு ஒரு பணியிடக் காட்சியையும் தருவார்கள். ஒவ்வொரு விடையிலும் அந்தக் காட்சியிலிருந்தே ஒரு சான்றை எடுத்துக் காட்டுங்கள்.