சூடா, குளிர்ச்சியா: நாற்பது அட்டைகளும் ஒரு பாட்டியும்

முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்தில் நான் கேட்டது ஒரே கேள்விதான்: எந்தச் சாப்பாடு சூடு, எது குளிர்ச்சி? நம் எல்லார் வீட்டிலும் தினமும் புழங்குகிற பேச்சு. ஆனால் இதற்கு விடைத்தாள் எங்கும் கிடையாது. சரியான விடை எது என்றே தெரியாதபோது யாருக்கு எவ்வளவு தெரியும் என்று எப்படி அளப்பது?

ராம்னி, வெல்லர், பாச்செல்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1986-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் ஒரே பதிலைச் சொல்வார்கள், தெரியாதவர்கள் குத்துமதிப்பாகச் சொல்வார்கள் என்பதுதான் அடிப்படை. நாற்பது கேள்வி, கேள்விக்கு இரண்டே பதில் என்று வையுங்கள். ஒன்றுமே தெரியாத இருவருக்குள்ளும் சராசரியாக 20 பதில் ஒத்துப்போகும். ஆளுக்கு 80 சதவீதம் தெரிந்த இருவருக்குள் ஏறத்தாழ 33 ஒத்துப்போகும். இப்படி எல்லா இணைகளையும் ஒப்பிட்டு, ஒவ்வொருவரின் அறிவையும் கணக்கிட்டு, அதற்கேற்ற எடை கொடுத்தால் விடைத்தாளும் தானே உருவாகிவிடும். முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதலில் சிலரிடம் "சூடு பண்றது எதெல்லாம், குளிர்ச்சி எதெல்லாம்?" என்று வாய்விட்டுப் பட்டியல் போடச் சொன்னேன். அதிகம் பேர் சொன்ன நாற்பதை அட்டையில் எழுதிக்கொண்டேன். இளநீர், நுங்கு, எள், கொள்ளு, பப்பாளி, கருவாடு, கோழிக்கறி...

அடுத்துதான் பெரிய தவறு செய்தேன். நூறு நாள் வேலை முடிந்து பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, நேரம் மிச்சமாகட்டும் என்று அங்கேயே அட்டைகளை நீட்டினேன். ஒருவர் "கத்திரிக்காயா? சூடுதான்" என்றதும் சுற்றி இருந்த எல்லாரும் "ஆமா, சூடுதான்" என்றார்கள். அன்று எழுதியது முழுவதும் வீண். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் சொன்னால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பக்கத்து ஆளைப் பார்த்துச் சொன்ன ஒற்றுமைக்கு இதில் மதிப்பில்லை. அந்த மரத்தடிப் பெண்களை விட்டுவிட்டு, வேறு தெருக்களில் வீடு வீடாகப் போய் 30 பேரிடம் தனியாகக் கேட்டு முடிக்க இரண்டு மாதம் ஆனது.

பயமும் இருந்தது. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் நகரப் பெண்களிடம் வெல்லர் நோய்களைப் பற்றிக் கேட்டபோது, எது தொற்றும் என்பதில் ஒருமித்த கருத்து கிடைத்தது. எந்த நோய்க்குச் சூடான மருந்து, எதற்குக் குளிர்ந்த மருந்து என்பதில் கிடைக்கவில்லை. என் அட்டைகளும் அப்படிச் சிதறிவிட்டால்?

சிதறவில்லை. பதில்களின் ஒற்றுமைக்குப் பின்னால் ஒரே பொது அறிவுதான் இருக்கிறதா என்று காரணிப் பகுப்பாய்வு என்ற கணக்கில் பார்ப்பார்கள். அந்தப் பொது அறிவின் பலத்தைக் காட்டும் எண், அதாவது முதல் ஐகன் மதிப்பு, இரண்டாவதைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. என் கணக்கு அதைத் தாண்டியது. இளநீரிலும் எள்ளிலும் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். கேழ்வரகிலும் தயிரிலும் பிரிந்தார்கள். உருளைக்கிழங்குக்குப் பலர் "அது வாயுல்ல!" என்று என் இரண்டு கட்டத்தையும் ஒதுக்கிவிட்டார்கள். அதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

என்னை நிறுத்தியது பட்டியலின் கடைசி வரி. எல்லாரையும்விடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர் ஊரில் பல பிரசவம் பார்த்த மருத்துவச்சிப் பாட்டி. அவருக்குத் தெரியவில்லை என்று எப்படி எழுதுவது? குறிப்பேட்டைத் திரும்பப் புரட்டினேன். அட்டை அட்டையாக அவர் என்னைத்தான் கேட்டிருக்கிறார்: "யாருக்குக் கண்ணு? சளி புடிச்ச புள்ளைக்கா, பெத்து எழுந்தவளுக்கா?" நான்தான் "பொதுவா சொல்லுங்க பாட்டி" என்று வற்புறுத்தி ஏதோ ஒன்றை வாங்கி எழுதியிருக்கிறேன். இந்த முறை அளப்பது ஊருக்குப் பொதுவான அறிவை. பொதுவைத் தாண்டித் தெரிந்தவரும் ஒன்றுமே தெரியாதவரும் அதில் ஒரே இடத்தில் வந்து விழலாம்.

நெறியாளரிடம் பேசி, அந்த மதிப்பெண்ணை ஆய்வேட்டில் தனியாக விளக்கி எழுத அனுமதி வாங்கினேன். பிறகு பாட்டியின் திண்ணையில் மூன்று நாள் உட்கார்ந்து புது அட்டைகள் எழுதினேன். இப்போது வெறும் 'பப்பாளி' இல்லை. 'மூணு மாசக் கர்ப்பிணிக்குப் பப்பாளி', 'மார்கழியில குழந்தைக்கு மோர்' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியவை. தை பிறந்ததும் அதே வீடுகளுக்கு மறுபடி போகிறேன்.