சுண்டுவிரல் மட்டும் மரக்கவில்லை

நள்ளிரவில் கை மரத்துப்போய் விழிப்பேன். எழுந்து உட்கார்ந்து உதறினால் மெல்ல உணர்வு திரும்பும்; படுத்தால் மறுபடியும் அதே கதை. சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்கிற எங்களுக்குக் கைவலி புதிதில்லை. பகலெல்லாம் குறடு பிடித்துக் கண்ணி மாட்டினால் வலிக்காதா என்று எட்டு மாதம் தைலத்திலேயே ஓட்டினேன். கண்ணிகள் விரலிடுக்கிலிருந்து தாமாக நழுவி விழுந்தபோதுதான் பயம் வந்தது.

முதலில் போன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பில் ஒன்றுமில்லை" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நரம்பு நெரிவது எக்ஸ்ரேயில் தெரியாது என்று அன்றே ஒருவர் சொல்லியிருக்கலாம். அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை.

பிறகு சேலம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். "எந்த விரல் மரக்கிறதம்மா?" என்று கேட்டார் டாக்டர். எல்லா விரலும்தான் என்றேன். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகப் பஞ்சால் வருடினார். சுண்டுவிரலில் மட்டும் பஞ்சு பஞ்சாகவே தெரிந்தது! பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்குப் போகும் நரம்பு மணிக்கட்டில் ஓர் இடுக்கு வழியாக நுழைகிறதாம். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. புறங்கைகள் இரண்டையும் ஒட்டவைத்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். பாதி நேரத்திலேயே எறும்பு ஊர்ந்தது. அந்த இடுக்கில் நரம்பு நெரிபடுகிறது, இதற்குக் கார்பல் டனல் என்று பெயர் என்றார்.

நரம்புப் பரிசோதனையில் சுளீர் சுளீரென்று மின்சாரம் வைத்தார்கள், பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை, தைராய்டு சுரப்பு குறைவு என்று வந்தது. அதுவும் இந்த நரம்பை நெரிக்குமாம். குறடு பிடிப்பதை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்தேனே! பெருவிரலின் அடிச்சதை வற்றவில்லை, இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை; இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை. மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு முழுக்கத் தூங்கினேன்.

கைக்குழந்தைக்காரியான என் நாத்தனார் அந்தப் பட்டையை இரவல் கேட்டாள். அவளுக்கு மரத்துப்போகவில்லை, குழந்தையைத் தூக்கினால் பெருவிரல் பக்க மணிக்கட்டில் உயிர் போகிற வலி. பட்டையைக் கொடுக்காமல் அவளையே கூட்டிப்போனேன். அவளுக்குத் தசைநாண் உறையில் வீக்கம். பெருவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கிற வேறு பட்டை கொடுத்தார்கள்.