பவுண்டி தீவுகள்

மேப்பை நல்லா பெரிசாக்கினாத்தான் கண்ணுல படுது. நியூசிலாந்தின் தென்தீவுக்குத் தென்கிழக்கே சுமார் 670 கி.மீ.

மொத்தப் பரப்பு 1.35 சதுர கி.மீ.தான். அதுவும் மூணு கூட்டமா சிதறின வெறும் பாறைகள். மண் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது.

1788 செப்டம்பரில் கேப்டன் வில்லியம் பிளை பார்த்தப்போ, பாறை மேல பனித்திட்டு மாதிரி வெள்ளை தெரிஞ்சதாம். எல்லாம் பறவை எச்சம்!

சால்வின் அல்பட்ராஸும் கொண்டை பென்குயினும் இடிச்சுக்கிட்டுக் கூடு கட்டுற இடம். ஈர எச்சம் வழுக்கும். கடல் கொஞ்சம் பொங்கினாலும் படகைக் கரையில அணைக்க முடியாது.

பிளை தன் கப்பல் பேரையே வெச்சார். ஏழே மாசத்துல அதே கப்பல்ல கலகம், அவரையே படகுல இறக்கி விட்டுட்டாங்க.

இதுல ஒரு தீவுக்குப் பேர் டிப்போ. கப்பல் உடைஞ்சு ஒதுங்குறவங்களுக்காக சாமான் வெச்சிருந்த இடம்.